வழி அடைபட்ட இரத்தம்

மலம் தாரைப் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, தாங்க முடியாத ஒரு தனி நாற்றத்தோடு வெளியேறினால் அது பெரும்பாலும் இரத்தம். சிவப்பாக இல்லையே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளக் கூடாது. உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ கசிந்த இரத்தம் வயிற்று அமிலத்தில் ஊறி, குடலின் நீளம் முழுவதையும் கடந்து வெளியே வருவதற்குள் அதிலுள்ள ஹீமோகுளோபின் சிதைந்து கறுத்துவிடுகிறது. 50 முதல் 100 மில்லிலிட்டர் கசிந்தாலே மலம் இப்படி ஆகிவிடும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுப்பதுண்டு. ஆனால் அதில் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது.

நம்மவர்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. உடம்புச் சூடு என்பார்கள், நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். இரண்டு நாள் கழித்து வாயிலிருந்து இரத்தம் கொட்டும்போதுதான் வீடே பதறி எழும். கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு நேரும் இந்த இரத்தப்போக்கு பார்ப்பவர்களுக்குத் திடீர் விபத்து. உடலுக்குள்ளோ அது பல ஆண்டுகளாகத் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கே உடையும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். எவ்வளவு அழுத்தத்தில் உடையும் என்று கணக்கிடலாம். பல பேருக்கு உடையாமல் தடுக்கவும் முடியும். மருத்துவம் இதைக் கற்றுக்கொண்ட கதையில், ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில் மூன்று ஆண்டுகள் பாடம் நடத்திய ஓர் இளம் ஆசிரியரும் வருகிறார்.

உடலின் மற்ற உறுப்புகளிலிருந்து திரும்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போகிறது. இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தத்துக்கு மட்டும் அந்த வழி கிடையாது. அது போர்ட்டல் சிரை என்ற ஒரே பெருங்குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குள் நுழைந்தாக வேண்டும். சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையும், விழுங்கிய மாத்திரையும், குடல் கிருமிகள் உண்டாக்கும் நச்சும் இந்த வழியாகத்தான் வருகின்றன. கல்லீரல் அவற்றைப் பிரித்து, மாற்றி, வேண்டியதைச் சேமித்துக்கொண்டு மிச்சத்தை இதயத்துக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் கல்லீரலுக்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை கொண்டுவருவது.

இத்தனை இரத்தத்தையும் நல்ல கல்லீரல் வியக்கத்தக்க எளிமையோடு ஏற்றுக்கொள்கிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் 120 என்றால், கல்லீரலைக் கடப்பதற்கு இந்த இரத்தத்துக்குத் தேவைப்படும் அழுத்த வித்தியாசம் 1 முதல் 5 மில்லிமீட்டர் பாதரசம்தான். இந்தச் சின்ன எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. அது 10-ஐத் தொட்டால் சிக்கல்கள் தொடங்கும். 12-ஐ எட்டினால் இரத்தம் கொட்டும் அபாயம் வந்துவிடும்.

அது ஏன் ஏறுகிறது? கல்லீரலில் காயம் பட்டால், அது மதுவோ, வைரஸோ, தேங்கிய கொழுப்போ, காயம் ஆறும்போது தழும்பு விழும். அந்தத் தழும்பு நாரை நெய்பவை விண்மீன் வடிவச் செல்கள். நலமாக இருக்கும்போது அவை வைட்டமின் ஏ சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருப்பவை. காயம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அவை குணம் மாறி, நாரைச் சுரப்பதோடு தசையைப் போலச் சுருங்கவும் தொடங்கிவிடுகின்றன. மிருதுவாக இருந்த கல்லீரல் முடிச்சு முடிச்சாக, கெட்டியாக மாறுகிறது. இதைத்தான் சிரோசிஸ் என்றும் கல்லீரல் சுருக்கம் என்றும் சொல்கிறோம்.

மலேசியாவில் இந்நோய் எப்படி வருகிறது என்பதற்கு இனத்துக்கு ஒரு கதை இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் நோயாளிகளைப் பற்றி 2011-ல் வெளியான ஆய்வொன்றில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் முதல் காரணம் ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸ். இந்தியர்களுக்கு மது. சிரோசிஸ் வந்த இந்தியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதுதான் காரணம்.

இந்தப் பாதிக்கு ஒரு வரலாறு உண்டு. லாபிஸ், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்த காலத்தில் மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடையும் ஓர் அங்கம். சம்பளம் ஒரு கையில் வந்து மறு கையில் அங்கே போனது. தொழிலாளர்கள் அதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1946, 47-ல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராகவே அணி திரண்டார்கள். கள்ளுக்குப் பிறகு வந்த சம்சு அதைவிடப் பல மடங்கு கடுமையானது. சிறு புட்டிகளில், மிகக் குறைந்த விலையில், தோட்டத்துக்குப் பக்கத்து மளிகைக் கடைகளிலேயே கிடைத்தது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் அதற்கு எதிராகக் குரல் கொடுத்தது. இன்று மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அறுபது வயதுக்காரரை "குடிகாரர்" என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர்கள் இந்த வரலாற்றையும் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

மது தொடாதவர்களும் தப்பிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு உடல் எடை அதிகம். ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். நம் சமூகத்தில் அது இன்னும் அதிகம். இவை இரண்டும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. அந்தக் கொழுப்பு சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, ஒரு சொட்டு மது அருந்தாத பாட்டிக்கும் சிரோசிஸைக் கொண்டுவருகிறது. ஊரார் வாய்க்குப் பயந்து அந்தப் பாட்டி நோயை மறைப்பதும் நடக்கிறது.

இனி, வழி அடைபட்ட இரத்தம் என்ன செய்யும் என்று பார்ப்போம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பேராறு நிறைந்து வடிய முடியாமல் நின்றால், அதில் வந்து விழ வேண்டிய ஓடைகளும் சாக்கடைகளும் திசை மாறிவிடும். தண்ணீர் பின்னோக்கி ஏறி, யாரும் கவனிக்காத கொல்லைப்புற வாய்க்கால் வழியாக வீட்டுக்குள் வரும். போர்ட்டல் சிரையிலும் இதேதான் நடக்கிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியிலிருந்தும் இரைப்பையின் மேல்பகுதியிலிருந்தும் போர்ட்டல் சிரையை நோக்கி வந்துகொண்டிருந்த மெல்லிய சிரைகளில் இரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு, நெஞ்சுக்குள் இருக்கும் வேறொரு சிரையைப் பிடித்து இதயத்துக்குப் போய்ச் சேர்வதே அதன் நோக்கம். தொப்புளைச் சுற்றியும் ஆசனவாய் அருகிலும்கூட இப்படிப்பட்ட குறுக்குவழிகள் திறக்கின்றன. ஆனால் உயிரைக் குடிப்பது உணவுக்குழாயில் திறக்கும் வழிதான்.

உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திறந்த இந்தக் குறுக்குவழிகளால் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். குறைவதில்லை. கல்லீரல் நோயில் என்னை மிகவும் வியக்கவைத்த உண்மை இதன் காரணம்தான். நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒரு வாயு நம் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. சுருங்கிய கல்லீரலுக்குள் அந்த வாயு போதிய அளவு உற்பத்தியாவதில்லை. அதனால் கல்லீரலின் உள்குழாய்கள் தழும்பால் நெரிபடுவதோடு தாமாகவும் இறுகுகின்றன. அதே நேரத்தில் குடலுக்குப் போகும் தமனிகளில் அதே வாயு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அவை அகலமாக விரிந்து, முன்பைவிட அதிக இரத்தத்தைக் குடலுக்குள் கொட்டுகின்றன. ஆக, வெளியேறும் வாசல் குறுகிக்கொண்டே போக, உள்ளே வரும் இரத்தம் கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் எத்தனை குறுக்குவழிகள் திறந்தாலும் அழுத்தம் இறங்க மறுக்கிறது. மருந்தின் வேலையும் இங்கேதான் தொடங்குகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உணவுக்குழாய் இரைப்பையைச் சந்திக்கும் இடத்தில், கடைசிச் சில சென்டிமீட்டர்களில், சிரைகள் உட்சுவரின் மேல்தோலுக்கு வெகு அருகில் ஓடுகின்றன. சுற்றி நின்று தாங்கச் சதைப்பற்று அங்கே குறைவு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிரைகள் இந்த இடத்தில் 5 மில்லிமீட்டரையும் தாண்டிப் புடைத்து, வளைந்து நெளிந்து, உணவுக்குழாயின் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றில் எது உடையும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸின் பெயரால் அறியப்படும் விதி சொல்கிறது. குழாய்ச் சுவரின் மீதுள்ள இழுவிசை உள்ளிருக்கும் அழுத்தத்தோடும் ஆரத்தோடும் கூடும். சுவரின் தடிமன் குறையக் குறைய இன்னும் கூடும். சிரை பெருக்கும்போது இந்த மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுகின்றன. அழுத்தத்தால் சிரை அகலமாகிறது, அகலமானதால் இழுவிசை கூடுகிறது, இழுபட்டதால் சுவர் மெலிகிறது, மெலிந்ததால் இழுவிசை மேலும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் சுவர் விட்டுக்கொடுக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு குடலுக்குப் போகும் இரத்தம் கூடி, போர்ட்டல் அழுத்தமும் சற்று ஏறுகிறது. மதுவும் அதை ஏற்றுகிறது.

சிரோசிஸ் முற்றாத நிலையிலேயே மூன்றில் ஒருவருக்கு இந்தப் புடைத்த சிரைகள் இருக்கும். வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலை வந்து முற்றிய நிலையில் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. வலி இல்லை, எரிச்சல் இல்லை, விழுங்கவும் தடையில்லை. ஆனாலும் உடல் ஓர் அடையாளம் காட்டுகிறது. அழுத்தம் ஏறினால் மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் இரத்தத் தட்டுகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத் தட்டு எண்ணிக்கை என்றாலே ஜொகூரில் எல்லாருக்கும் டிங்கி காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். டிங்கியில் குறைந்த தட்டுகள் ஓரிரு வாரத்தில் ஏறிவிடும். காய்ச்சலே இல்லாதவருக்கு, சோதனைக்குச் சோதனை 1,50,000-க்குக் கீழேயே தட்டுகள் நின்றால், யாராவது அவருடைய கல்லீரலைப் பார்க்க வேண்டும்.

உடைந்த பிறகு நடப்பது ஒரே நேரத்தில் பல முனைகளில் நடக்கிறது. இரத்தம் குறைகிறது, அது வெளிப்படை. வெளியே தெரியாத ஆபத்து, வயிற்றுக்குள் இறங்கிய இரத்தம் அங்கே உணவாகிவிடுவது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. குடல் கிருமிகள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. நல்ல கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சுருங்கிய கல்லீரலால் முடியாது. குறுக்குவழியாகப் போகும் இரத்தமோ கல்லீரலைப் பார்ப்பதேயில்லை. அம்மோனியா மூளைக்குப் போகிறது. நோயாளி உளறுகிறார், பகலில் தூங்கி இரவில் விழிக்கிறார், கை நடுங்குகிறது, பிறகு நினைவே தப்புகிறது.

மனித ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் அறவே கிடையாது. அந்த ஓர் அமிலம் இல்லாமல் மற்ற அமினோ அமிலங்களைக் கொண்டு உடலால் தனக்கு வேண்டிய புரதங்களைக் கட்ட முடியாது. எனவே செரித்த இரத்தத்தின் பெரும்பகுதி வீணாகி அம்மோனியாவாகவே முடிகிறது. இறைச்சி தின்றால் வரும் கேட்டைவிடத் தன் இரத்தமே வயிற்றில் செரிப்பதால் வரும் கேடு அதிகம்.

கல்லீரலைத் தவிர்த்துப் போகும் இரத்தம் மூளையைக் குலைக்கும் என்பதை முதலில் காட்டியவை நாய்கள். 1877-ல் நிக்கொலாய் எக் என்ற ரஷ்ய மருத்துவர் நாய்களின் போர்ட்டல் சிரையை இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையோடு நேரடியாக இணைத்துத் தைத்தார். 1893-ல் பாவ்லோவும் அவருடைய சகாக்களும் அதே அறுவை செய்த நாய்களைக் கவனித்து வந்தார்கள். இறைச்சி தின்ற நாய்கள் தடுமாறின, வெறி கொண்டன, பார்வை குழம்பி மயங்கின. மணியோசை கேட்டு உமிழ்நீர் ஊறிய நாய்களால் உலகம் அறிந்த அதே பாவ்லோவ்தான்.

இரத்தம் கொட்டும் நோயாளியை என்ன செய்வது என்பதில் மருத்துவர்கள் நெடுங்காலம் கையறு நிலையில்தான் இருந்தார்கள். 1939-ல் ஸ்டாக்ஹோமில் கிராஃபோர்டு, ஃபிரெங்க்னர் என்ற இருவர், விறைத்த உலோகக் குழாயைத் தொண்டை வழியே இறக்கி, ஓர் இளம்பெண்ணின் சிரைகளில் மருந்தை ஊசியால் செலுத்தி அவற்றை இறுகவைத்தார்கள். 1950-ல் நியூயார்க்கில் செங்ஸ்டேக்கனும் பிளேக்மோரும் வயிற்றிலும் உணவுக்குழாயிலும் ஊதிப் புடைக்கும் பலூன் குழாயை உண்டாக்கினார்கள். பலூன் அழுத்தும்வரை இரத்தம் நிற்கும், தளர்த்தினால் மீண்டும் கொட்டும் என்பது பலருடைய அனுபவம். இன்றும் வேறு வழியில்லாத இரவில் ஒரு நாள் அவகாசம் வாங்கித் தர அது உதவுகிறது.

உண்மையான திருப்பம் மூல நோய்ச் சிகிச்சையிலிருந்து வந்தது. மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் மாட்டி அதை வாடி விழவைப்பார்கள். அமெரிக்காவின் டென்வரில் ஸ்டீக்மன் என்ற அறுவை மருத்துவர் 1980-களின் நடுவில் அதே உத்தியை, தொண்டை வழியே இறக்கி உள்ளே பார்க்கும் வளையும் குழாயான ஸ்கோப்பின் நுனிக்குக் கொண்டுவந்தார். புடைத்த சிரையை ஸ்கோப் உறிஞ்சி இழுக்கும், அதன் கழுத்தில் ஒரு சிறு ரப்பர் வளையம் விழும். சில நாட்களில் சிரை வாடி உதிர்ந்து அங்கே தழும்பு நிற்கும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் செய்து எல்லாச் சிரைகளையும் அடைத்துவிடுவார்கள். ரப்பரால் வாழ்ந்த மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சிறு வளையத்தின் மீது ஒரு தனிப் பிரியம் வந்தால் தப்பில்லை. இரைப்பையின் பெரிய சிரைகளுக்கு வளையம் போதாது. அவற்றுக்குள் நொடியில் இறுகும் பசையைச் செலுத்தும் முறையைக் கண்டவர் நிப் சூஹென்ரா. இந்தோனேசியாவில் பிறந்து ஹம்பர்க்கில் பணியாற்றியவர்.

ஸ்கோப் அறைக்குப் போகும் முன்பே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. குடலுக்குப் போகும் தமனிகளைச் சுருக்கும் டெர்லிப்ரெசின், ஆக்ட்ரியோடைட் போன்ற மருந்துகள் நரம்பு வழியே ஏறும். ஆண்டிபயாட்டிக்கும் ஏறும். இரத்தப்போக்கு நேரத்தில் குடல் கிருமிகள் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலந்துவிடுகின்றன, கிருமித் தொற்று வந்தால் சிரை மீண்டும் உடைகிறது என்று கண்டுபிடித்த பிறகு பல உயிர்கள் பிழைத்தன. 12 மணி நேரத்துக்குள் ஸ்கோப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய நெறி. சிகாமட்டிலோ மெர்சிங்கிலோ இருப்பவருக்கு இந்த 12 மணி நேரத்தில் ஜொகூர் பாரு வரையான சாலைத் தூரமும் அடங்கக்கூடும்.

இங்கே மனித அறிவு ஏற்க மறுக்கும் ஓர் உண்மை வருகிறது. இரத்தம் கொட்டுகிறது என்றால் இரத்தம் ஏற்ற வேண்டும், எவ்வளவு ஏற்றினாலும் நல்லது என்றுதான் நாம் நினைப்போம். மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பார்சலோனாவில் வில்லானுவேவாவின் குழு, வயிற்றில் இரத்தப்போக்கு வந்த 921 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே இறங்கினால் இரத்தம் ஏற்றினார்கள். மற்றதற்கு 7-க்குக் கீழே போகும்வரை காத்திருந்தார்கள். ஆறு வாரம் கழித்துத் தாராளமாக இரத்தம் பெற்றவர்களில் 91 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். சிக்கனமாகப் பெற்றவர்களில் 95 சதவீதம். 2013-ல் வெளியான இந்த முடிவு சிகிச்சையையே மாற்றியது. சிரோசிஸ்காரர்களுக்கு இதன் காரணம் விளங்கிக்கொள்ள எளிது: தேவைக்கு மேல் ஏற்றிய இரத்தம் போர்ட்டல் அழுத்தத்தை உயர்த்தி, அடைபட்ட துளையை மீண்டும் திறக்கிறது. "எங்க அப்பாவுக்கு ஏன் இன்னும் இரத்தம் ஏத்தல?" என்று வார்டில் சண்டை போடும் பிள்ளைகள் இதை அறிந்திருந்தால் நல்லது.

இரத்தம் உறையாததால்தான் இந்த இரத்தப்போக்கு வருகிறது என்ற நம்பிக்கையும் இப்படித்தான் சரிந்தது. கல்லீரல் கெட்டால் உறையவைக்கும் புரதங்கள் குறைவது உண்மை. உறைதலைத் தடுக்கும் புரதங்களும் அதே அளவு குறைகின்றன என்பதை நெடுங்காலம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. உறைந்ததைக் கலையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை மலேசியா உட்பட 15 நாடுகளில் வயிற்று இரத்தப்போக்கு வந்த 12,009 பேரிடம் சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவு: இரத்தப்போக்கால் இறந்தவர்களின் விகிதம் மருந்து பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். சிரை உடைவதற்கு அழுத்தம்தான் காரணம். அழுத்தத்தை இறக்குகிற சிகிச்சைதான் காப்பாற்றுகிறது.

எதற்கும் நிற்காத இரத்தப்போக்குக்குக் கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைந்து, போர்ட்டல் சிரையிலிருந்து வெளிச்சிரைக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு குழாய் பதிப்பார்கள். ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் 1988-ல் இது முதலில் நோயாளிக்குச் செய்யப்பட்டது. அழுத்தம் உடனே இறங்குகிறது. எக் தைத்த அதே குறுக்குவழி மீண்டும் வந்துவிட்டதால் சிலருக்கு மனக் குழப்பமும் கூடவே வருகிறது.

இவையெல்லாம் சேர்ந்து என்ன சாதித்தன? பாரிஸின் ஒரு மருத்துவமனையில் 1980-ல் இந்த இரத்தப்போக்கோடு வந்தவர்களில் 100-க்கு 42 பேருக்கு மேல் அங்கேயே இறந்தார்கள். 2000-ல் அது 15-க்கும் கீழே இறங்கிவிட்டது.

இனி அந்த இளம் ஆசிரியருக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் மருத்துவம் முடித்து, படிப்புக்கு வாங்கிய கடனை அடைப்பதற்காக 1947-ல் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தவர் ஜேம்ஸ் பிளாக். ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1950 வரை உடலியங்கியல் கற்பித்தார். ஜொகூர் பாருவிலிருந்து தரைப்பாலத்தைக் கடந்தால் அவருடைய வகுப்பறை. பின்னர் இங்கிலாந்தில், இதயம் அட்ரினலினுக்குப் படபடப்பதைத் தணிக்கும் ஒரு மருந்தைத் தேடி புரோப்ரனலாலைக் கண்டுபிடித்தார். 1988-ல் நோபல் பரிசு பெற்றார். புரோப்ரனலால் இதய நோய்க்கான மருந்தாகவே அறியப்பட்டது. பாரிஸை ஒட்டிய கிளிஷியில் டிடியே லெப்ரெக் என்ற மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். இந்த மருந்து இதயத்தின் வேகத்தைக் குறைக்கும், குடலுக்குப் போகும் தமனிகளையும் சுருக்கும் என்றால், போர்ட்டல் சிரைக்கு வரும் இரத்தம் குறைய வேண்டுமல்லவா? 1981-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை இரத்தப்போக்கு வந்து தப்பிய 74 பேர். ஓராண்டு கழித்து, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கே மீண்டும் இரத்தம் வராமல் இருந்தது. புரோப்ரனலால் சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்கு வரவில்லை.

அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த கார்வெடிலால் இன்று முதல் தேர்வாக இருக்கிறது. கல்லீரலுக்குள் இறுகிய குழாய்களையும் அது சற்றுத் தளர்த்துகிறது. விலை மலிவான, பழைய மாத்திரைகள் இவை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்தவர்களுக்கும் ஆகாது. அதனால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். தந்துவிட்டால் விடாமல் சாப்பிட வேண்டும். "எனக்கு பிரஷர் இல்லையே, எதுக்கு பிரஷர் மருந்து?" என்று நிறுத்திவிடுகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் போர்ட்டல் சிரையைப் பற்றி எழுதினேன்.

தழும்பு விழுந்த கல்லீரல் திரும்பவே திரும்பாது என்று முன்பு கற்பித்தார்கள். ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸை மருந்தால் அடக்கி ஐந்தாண்டு கழித்துக் கல்லீரலைக் கிள்ளிச் சோதித்தபோது, சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு அது மறைந்திருந்தது. மது நிறுத்தியவர்களிடமும் போர்ட்டல் அழுத்தம் இறங்குகிறது. மலேசியா 1989-லிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போடுகிறது. அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலையோடு வந்த ஹெப்பாடைட்டிஸ் சி மருந்தான சொஃபோஸ்புவிரை, காப்புரிமையை மீறி மலிவாக வரவழைக்க 2017 செப்டம்பரில் மலேசிய அரசு தன் சட்ட உரிமையைப் பயன்படுத்தியது. உலகில் இந்த மருந்துக்கு அப்படித் துணிந்த முதல் நாடுகளில் ஒன்று நம்முடையது. இதற்காக இந்த நாட்டை நான் மனதாரப் பாராட்டுவேன்.

வீட்டில் யாருக்காவது சிரோசிஸ் என்று சொல்லியிருந்தால், "சிரைகள் புடைத்திருக்கின்றனவா என்று ஸ்கோப் பார்த்தாகிவிட்டதா? அழுத்தம் குறைக்கும் மாத்திரை தேவைப்படுமா?" என்று அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை அவருக்குக் கொடுக்காதீர்கள். அவை இரைப்பையில் புண்ணாக்கி இன்னொரு வாசலைத் திறந்துவிடும். சிரோசிஸ்காரர்களின் வயிற்று இரத்தப்போக்கில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட புண்களால் வருவதுதான். மலம் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் நிறமோ தெரிந்தாலோ, பேச்சு உளறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள். அவர் குடித்தவரா, குடிக்காதவரா என்ற விசாரணையை யாரும் அந்த நேரத்தில் செய்ய வேண்டாம். உடைந்த சிரைகளில் பாதி தாமாகவே அடங்கிவிடும் என்பதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அடங்கிய சிரை, சிகிச்சை இல்லாமல் விட்டால், ஓராண்டுக்குள் 10 பேரில் 6 பேருக்கு மறுபடி உடைகிறது.